ரெண்டு நாளுன்னு சொல்லு

"டாக்டரம்மா, எனுக்கு ஒண்ணுக்குப் போனா எரியுது. நெருப்பு வெச்சா மாதிரி கீது" என்றாள் ஜோதிகா, செல்போனைப் பார்த்து.

போனுக்குப் பின்னால், டாக்டர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமியார் கன்னியம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. மருமகள் இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

எரிச்சல் கன்னியம்மாவுடையது. ரெண்டு நாளாக வியாபாரத்தில் மனசு நிற்காமல், நேற்று வவ்வால் மீனை மலிவான சங்கரா மீன் விலைக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

தெருமுனையிலேயே கிளினிக் இருக்கிறது. ஆனால் அங்கே டோக்கன் கொடுக்கும் சுயம்பு அடுத்த வீட்டுக்காரன். என்ன வியாதி என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே விடுவான். சாயங்காலத்துக்குள் காசிமேட்டு மீன் ஏலம் வரைக்கும் சேதி போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில், அதுவும் அந்த இடத்தில் நோய் என்றால் ஊர் என்னென்ன பேசும் என்று நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது.

"போன்லயே லேடி டாக்டர் பாப்பாங்க அத்தே" என்று வழி சொன்னவள் ஜோதிகாதான்.

"மூஞ்சியக் காட்டணுமா?"

"காட்டணும்."

"அப்போ நீ காட்டு. நோவு என்னுது, மூஞ்சி உன்னுது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள் கன்னியம்மா. உடனே ஒத்திகையும் நடந்தது. "எரியுதுன்னு சொல்லு. அடிக்கடி வருதுன்னு சொல்லு. ரெண்டு நாளுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

இப்போது போனில் டாக்டர் மெஹ்னாஸ் கேட்டார். "எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வாரமா."

கன்னியம்மா அவசரமாக இரண்டு விரலைக் காட்டினாள். ஜோதிகா திரும்பிப் பார்க்கவில்லை. போகட்டும், கூட்டிச் சொன்னால் மருந்து கொஞ்சம் தூக்கலாகக் கிடைக்கும் என்று கன்னியம்மா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"காய்ச்சல், குளிர், முதுகு வலி ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல. அடிவயித்துல புடிச்சி இழுக்குது. கலங்கலாப் போவுது."

இது ஒத்திகையில் இல்லாத வசனம். கன்னியம்மாவுக்கு வயிற்றில் இழுப்பும் இல்லை, கலங்கலும் இல்லை. ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"கர்ப்பமா இருக்கீங்களா? தேதி தள்ளிப் போயிருக்கா?"

"இல்ல. போன திங்கக்கெழமதான் தலைக்கு ஊத்திக்கினேன்."

கன்னியம்மா மாதக்கணக்கில் ஜாடைமாடையாகக் கேட்டும் கிடைக்காத சேதி அது. டாக்டர் ஒரே கேள்வியில் வாங்கிவிட்டார்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"காலையில கெளம்பறப்ப குடிக்கமாட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு வூட்டுக்கு வந்துதான். மார்க்கெட்ல போவ எடம் கெடையாது, டாக்டரம்மா."

"அது வரைக்கும் அடக்கி வெச்சுக்குவீங்களா? யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

ஜோதிகா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தொழில்ல கீறவங்கதான்."

அவர்கள் இருவரும் மீன் கூடை வைக்கும் மார்க்கெட்டில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. சாவி யாரிடம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதனால் போன தை மாதம் மருமகளை முதல் நாள் கூட்டிப் போனபோதே, விடிந்தால் சொட்டுத் தண்ணி தொடக்கூடாது என்று கன்னியம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். முப்பது வருஷமாக அவள் அப்படித்தான் பிழைத்தாள். அதை மருமகள் மறக்காமல் சொன்னதில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இது யூரின் இன்ஃபெக்ஷன். பொம்பளைங்களுக்குச் சாதாரணமா வர்றதுதான், வெட்கப்பட ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டர். "முதல்ல லேப்ல யூரின் குடுத்துட்டு, அப்புறம் மாத்திரையை ஆரம்பிங்க. எரிச்சல் நின்னாலும் அஞ்சு நாளும் முழுசா போடணும். தண்ணி நிறைய குடிங்க, அடக்காதீங்க. காய்ச்சலோ முதுகு வலியோ வந்தா போன் பண்ணிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இது உங்களுக்குப் பார்த்து எழுதினது. வேற யாருக்கும் குடுக்காதீங்க."

கடைசி வாக்கியத்தைக் கன்னியம்மா காதில் வாங்கவில்லை. வெட்கப்பட ஒண்ணுமே இல்ல என்பதிலேயே நின்றுவிட்டாள். ரெண்டு நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது.

போன் அணைந்ததும் மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "இன்னாமா நடிக்கிற! கொஞ்சம் வுட்டா நானே அழுதுருப்பேன்டி."

ஜோதிகா செருப்பை மாட்டிக்கொண்டு லேபுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, லேப் ரசீதும் மாத்திரை அட்டையுமாகத் திரும்பி வந்தாள்.

கன்னியம்மா பெரிய சொம்பில் தண்ணீரோடு தயாராக இருந்தாள். "குடு" என்று கையை நீட்டினாள்.

ஜோதிகா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மாமியார் கையிலிருந்த சொம்பை வாங்கி, மூச்சு விடாமல் அடி வரைக்கும் குடித்தாள்.

"ஏய்! அது என்னுதுடி!"

ஜோதிகா வாயைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் டாக்டருக்குப் போன் போட்டு, மாமியார் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"உன்னுத நீயே சொல்லு. நா நடிக்கல அத்தே."