மூன்றாவது ஊரிலும் அவர்

ஆஸ்திரேலியாவின் டாம்வர்த் ஊர்ப் பப்பில் மதியக் கச்சேரி. பாடத் தொடங்கியதுமே பாடகி டீகனின் கண்ணில் அவர் பட்டுவிட்டார். இதற்கு முன் வாகா வாகா, டப்போ ஊர்களிலும் வந்து நின்ற அதே நரைத்த தலை. அவர்களுடைய பாப்-பங்க் குழுவின் தாளத்துக்குக் கூட்டமே குதித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அசையாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஆளு மறுபடியும் வந்திருக்கான்டா. இது மூணாவது ஊரு," என்றாள் இடைவேளையில்.

கிதார் வாசிக்கும் டார்சி சிரித்தான். "பத்து வருஷமா வேன்ல ஊர் ஊரா அலைஞ்சு, இப்பதான் உனக்குன்னு ஒரு ரசிகன் கிடைச்சிருக்கான். விடு."

கடைசியாக, குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்த ஒரே பாட்டு. கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது. அவர் அழுதார்.

கூட்டம் கலைந்ததும் நேராக மேடையேறி வந்தார். டீகன் பின்வாங்கினாள்.

"கிட்ட வராதீங்க! என்ன வேணும் உங்களுக்கு?"

"பயப்படாதம்மா. அந்தக் கடைசிப் பாட்டு என் பொண்ணு எழுதினது. வீட்ல பாடிக்கிட்டே இருப்பா. ரேடியோல கேட்டப்ப நம்ப முடியல. அதான் மூணு ஊருக்கும் வந்து கேட்டேன். ஒரு வார்த்தைகூட மாறல."

"உங்க பொண்ணு இப்ப எங்க?"

"ஆறு வருஷமாக் காணோம்மா. பாட்டு எழுதின நோட்டும் அவளோடயே போயிடுச்சு. உங்களுக்கு அதைக் கொடுத்தது யாரு?"

"நானே எழுதினது" என்றுதான் டார்சி அந்தப் பாட்டைக் கொண்டுவந்திருந்தான். டீகன் திரும்பிப் பார்த்தாள். கிதார் மட்டும் மேடையில் கிடந்தது. வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.