மருந்து அளக்கும் நேரம்

"மருந்து அளக்குறப்ப யாரும் பேசக் கூடாது. ரேடியோகூட வேணாம்," என்றேன்.

லொரெட்டா எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். கராஜில் அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

கராஜ் வெண்டலுடையது. அவன் லொரெட்டாவின் கணவன். முப்பது வருடமாக என் நண்பன். ஆறு வாரத்துக்கு முன்னால் பழைய கல்குவாரியில் நானும் அவனும் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது அவன் ரிவால்வர் கையிலேயே வெடித்து, அவன் செத்துப்போனான். ஒரு தோட்டாவுக்குள் இரண்டு மடங்கு வெடிமருந்து இருந்திருக்கும் என்றார் ஷெரிப்.

வயோமிங்கில் எங்கள் பக்கம் பாதிப் பேர் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறவர்கள். அவர்களில் வெண்டலைப் போல ஒரு நிதானக்காரனை நான் பார்த்ததில்லை.

லொரெட்டா இதைக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றதும் ஊரில் ஆளாளுக்குப் பேசினார்கள். மான் வேட்டைக்குக் கிளம்புகிறாள் என்றான் தீவனக் கடைக்காரன். மானாவது மண்ணாங்கட்டியாவது. பொறியில் விழுந்த எலியைக்கூட வயல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறவள் அவள்.

எதற்காக என்னைக் கற்றுக்கொடுக்கக் கேட்கிறாள் என்று புரியாமல், பயந்துகொண்டேதான் வந்தேன்.

காலித் தோட்டாக் கூடுகளை ஐம்பது குழி உள்ள மரக்கட்டையில் நிறுத்தினாள். ஒவ்வொன்றின் அடியிலும் பொறி கிளப்பும் கேப்பை வைத்து அழுத்தினாள். நெம்புகோலை இழுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு கூட்டிலும் மருந்து விட ஆரம்பித்தாள். மிளகுத்தூள் போல, ஒரு சிட்டிகைதான்.

இருபத்து மூன்றாவது கூட்டில் நிறுத்தினாள்.

"இப்ப நான் அந்தக் கதவுல நின்னு, 'சூப் ஆறுது, வாயேன்'னு கத்துனா?"

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கத்துனேன், ஆர்லன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. கையத் தூக்கி, இரு இருன்னான். நான் விடல. எதுவரைக்கும் போட்டோம்னு மறந்திருப்பான். ஒரே கூட்டுல ரெண்டு தடவ போட்டிருப்பான்."

இதற்குத்தான் கற்றுக்கொள்கிறாள். புருஷனைக் கொன்றது தன் குரல்தானா என்று தெரிந்துகொள்ள.

"குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி அம்பதுலயும் டார்ச் அடிச்சுப் பாப்பான், லொரெட்டா. உள்ள யாருடா குடியிருக்கான்னு நான்கூடக் கேலி பண்ணுவேன். அவன் கண்ணுக்குத் தப்பாது."

"அன்னிக்குப் பாக்கல. நான் பாக்க விடல."

எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆறு வாரமாக வேறு எதையும் யோசித்திருக்க மாட்டாள்.

அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். குவாரியிலிருந்து எடுத்துப் போன அந்தப் பெட்டியை ஷெரிப் திருப்பிக் கொடுத்துவிட்டார். முப்பத்தெட்டு தோட்டா மிச்சம்.

"தேதி, மருந்து, எடை, நிரப்புனவன் பேரு. இத்தனையும் எழுதாம அவன் ஒரு பெட்டிய மூடுனதில்ல. உப்பு டப்பாலகூட எழுதி ஒட்டுறவன். இதப் பாரு, ஒண்ணுமே இல்ல. பாதியில எந்திரிச்சு சூப்பு குடிக்க வந்துட்டான்."

மூடி மொட்டையாக இருந்தது. அவள் ஒரு பேனாவை என் கையில் திணித்தாள்.

"நீயாவது எழுதிடு. அவன் அளவெல்லாம் குறிச்சு வச்ச நோட்டு அங்க இருக்கு, பாத்து எழுது. இப்படி மொட்டையா வச்சிருக்க என்னால முடியல."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் அடுத்தவன் நிரப்பிய தோட்டாவை எவனும் சுடமாட்டான். அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி. வேண்டாம் என்பது மரியாதைக் குறைவில்லை, யாரும் கோபித்துக்கொள்வதுமில்லை.

அன்று குவாரியில் வெண்டல் கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது. என் வண்டியின் இருக்கைக்கு அடியில் நான் நிரப்பிய இந்தப் பெட்டி கிடந்தது. நீட்டினேன். அவன் தயங்கினான்.

என்னடா, என்மேல நம்பிக்கை இல்லையா என்று நான்தான் சீண்டினேன். அவன் வாங்கிக்கொண்டான்.

நான் பெட்டிகளில் எதுவும் எழுதுகிற ஆளில்லை. டார்ச் அடித்துப் பார்க்கிற ஆளுமில்லை. ஷெரிப் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. புதைத்த அன்றும் திறக்கவில்லை. அவள் சூப்பையும் கதவையும் நினைத்து நொந்துகொண்டிருப்பாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது.

பேனாவைத் திறந்தேன். தேதி எழுதினேன். மருந்தின் பெயர் எழுதினேன். எடை எழுதினேன்.

"நோட்டப் பாக்காம எப்படி எழுதுற?" என்றாள் லொரெட்டா.

நிரப்பியவன் பெயரையும் எழுதி, பெட்டியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.