சின்னச் சின்ன பேக்கேஜ்

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அப்கிரேடு பாதியிலேயே படுத்துவிட்டது. பில் போட முடியாமல் சரக்கு லாரிகள் உள்ளேயே நிற்க, மேனேஜர் ரகு, அந்த சிஸ்டத்தை அமைத்த ஜபீனுக்குப் போன் போட்டார்.

"இன்னா சார் பண்ணீங்க?"

"கம்ப்யூட்டர்ல இடத்தை அடைக்குதேன்னு சின்னச் சின்ன சாஃப்ட்வேர் பேக்கேஜையெல்லாம் எடுத்துட்டேம்மா."

"அதுங்க இல்லாம பெருசு எப்பிடி சார் ஓடும்? நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொண்ணா திரும்ப உள்ள போடுங்க."

போட்டார். திரையில் எரர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"எல்லாம் ஏறிடுச்சும்மா! ஆனா பில்லிங் உன் பாஸ்வேர்டு கேக்குதே?"

"அதைப் போன்ல சொல்ல மாட்டேன். நேர்ல வந்துதான் அடிப்பேன்."

"எங்க இருக்கே? கார் அனுப்பறேன்."

"ஜன்னலைத் திறங்க சார்."

கோஷம் கேட்கக்கூடாதென்று காலையிலிருந்து சாத்தி வைத்திருந்த ஜன்னலை ரகு திறந்தார். கேட்டுக்கு வெளியே, உண்ணாவிரதப் பந்தலில், காதில் போனோடு ஜபீன் எழுந்து நின்றாள். சங்கம் தொடங்கியதற்காகப் போன மாதம் அவளோடு சேர்த்து அவர் வேலையைவிட்டு நீக்கிய ஏழு பேரும் அவள் பின்னால் எழுந்தார்கள்.

"நீ உள்ள வாம்மா, உன் வேலையைத் திரும்பத் தர்றேன்!"

"எட்டு பேருக்கும் சார். ஒருத்தர் குறைஞ்சாலும் ஓடாது."

லாரிகள் ஹாரன் அடித்தன. ரகு செக்யூரிட்டிக்குக் கையசைத்தார்.

கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்தன.