திருவேற்காட்டில் ஏறும் முள்

புதன்கிழமை தவறாமல் அம்பத்தூர் மிராசுதார் வீரராகவனின் கார் பூந்தமல்லிக்குக் கிளம்பும். திருவேற்காடு வந்ததும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் திடுக்கென்று சிவப்புக் கோட்டுக்குத் தாவும். அதற்கு மேல் ஓட்டினால் இன்ஜின் போச்சு. யுத்த காலம் வேறு, காசு கொடுத்தாலும் சாமான் கிடைக்காது.

வண்டி நிற்கும் இடத்துக்கு நேரெதிரே மிராசுதாரின் மாமியார் வீடு!

மச்சான் கல்யாணத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததற்காக, இனி அந்த வீட்டுக்கு வருவதில்லை என்று சபதம் போட்டவர் அவர். ஆனால் வேகாத வெயிலில் ஒரு மணி நேரம் நடுரோட்டில் நிற்க முடியுமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போவார். மாமியார் பொன்னியம்மா ஊற்றும் விரால் மீன் குழம்பை வேண்டாவெறுப்பாகச் சாப்பிடுவார். வெளியே வந்து டிரைவர் வேம்புலியைக் காய்ச்சி எடுப்பார்.

அன்றைக்கு ஒரு படி மேலே போய்விட்டார்.

"என் சபதத்த ஒடைக்க மாமியார் கிட்ட இன்னா வாங்கினே? ஒண்ணாந் தேதிலேர்ந்து வேலைக்கு வராதே!"

வேம்புலி நாலு பிள்ளைக்காரன். பூந்தமல்லியில் நேராக மெக்கானிக் செபாஸ்டியனின் ஷெட்டுக்குள் வண்டியை விட்டான்.

"அண்ணாத்தே, நான் ஒண்ணும் பண்லேன்னு நீதான் சொல்லணும்!"

மிராசுதார் முறைத்தார். கூட வந்திருந்த அவர் மனைவி சாமுண்டீஸ்வரி, "பாவங்க, பார்க்கட்டுமே" என்றாள்.

செபாஸ்டியன் சூடு அறியும் குமிழைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் விட்டான். முள் ஒழுங்காக ஏறியது. பச்சைத் தண்ணீரில் விட்டான். ஒழுங்காக இறங்கியது.

"முள்ளு மேல தப்பில்ல" என்று வண்டிக்கு அடியில் புகுந்தவன், கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "யாரோ தனியா ஒரு ஒயர் இஸ்து வுட்டுக்கீறாங்க. பின் சீட்டுக்குக் கீழ போவுது. அங்க காலால ஒரு பொத்தான அமுக்கினா, இங்க முள்ளு செவப்புக்கு ஏறிக்கும்."

வேம்புலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முன்னால் உட்காருகிறவனுக்குப் பின்னால் கால் எட்டுமா?

பின் சீட்டில் உட்காருவது இரண்டே பேர். எல்லார் கண்ணும் சாமுண்டீஸ்வரி மேல் திரும்பியது. பிறந்த வீட்டுப் பாசம் யாரை விட்டது!

"அம்மா எந்தப் பக்கம் ஒக்காருவீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான் செபாஸ்டியன்.

"எப்பவும் வலப்பக்கந்தான்" என்றாள் அவள்.

செபாஸ்டியன் கால் விரிப்பைத் தூக்கினான்.

பொத்தான் இருந்தது இடப்பக்கம், ரோஷக்கார மிராசுதார் கால் வைக்கும் இடத்தில்.