ஆலைத்தெருவின் காலி இன்ஹேலர்

ஆலைத்தெருவின் ஆஸ்துமா நோயாளிகள் எண்ணிக்கை இந்த மாதமும் கல்லுளிமங்கனாட்டம் அசையவில்லை. மருத்துவமனைக் கணினியில் அதைக் கண்காணிப்பவள் அவள்தான். போன வருடமே இறந்துபோன அவளுடைய அப்பா பெயரில், மாதம் தவறாமல் இன்ஹேலர் வாங்கப்பட்டிருந்தது.

"செத்தவர் பேரை எடுத்துடும்மா," என்றார் மேலதிகாரி. "எண்ணிக்கை குறைஞ்சாத்தான் ஆலை தொடர்ந்து ஓட அனுமதி கிடைக்கும்."

"எடுக்க மாட்டேன் சார். காலி இன்ஹேலரைத் திருப்பிக் கொடுத்தாத்தானே நம்ம கவுண்டர்ல புதுசு தருவாங்க? இதோ, இன்னைக்கு அப்பா கொடுத்தது."

"விளையாடுறியா? அவரேதான்னு எப்படிச் சொல்ற?"

அப்பாவுக்கு இன்ஹேலரின் வாயைக் கடித்துக்கொண்டே மருந்தை இழுக்கும் பழக்கம். எத்தனை முறை திட்டியும் விட்டதில்லை. அவள் இன்ஹேலரை மேலதிகாரியின் மேசையில் டக்கென்று வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க."

அதன் வாயில் இரண்டு பல் தடங்கள். எச்சில் இன்னும் காயவில்லை.