நடுமேடைக்கு ஒரு சீட்டு

"இதைச் செஞ்ச கான்ட்ராக்டர் யாரும்மா? பேரைச் சொல்லுங்க."

நகராட்சிக் கட்டட இன்ஸ்பெக்டர் லின்ட்கிரன் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, அறையின் நடுவே தனியாக நின்ற புது மேடைக்குள், அந்த நடுமேடைக்குள், டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"கான்ட்ராக்டர் எல்லாம் இல்லை சார். நாங்களே செஞ்சதுதான்," என்றாள் மார்லிஸ். "வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து. பத்தொன்பது பேர் வர்றாங்க. நீங்க தேறலைன்னு சிவப்புச் சீட்டு ஒட்டிட்டா மொத்தத்தையும் பிரிக்கணும். அப்புறம் வெந்த வான்கோழியை என் மடியில வச்சுத்தான் வெட்டணும்."

"நாங்களேன்னா? உங்க வீட்டுக்காரரா?"

லின்ட்கிரனுக்குச் சிரிப்பு வந்தது. கராஜ், பின்பக்க வராந்தா, குளியலறை என்று இருபது வருடங்களில் அவள் கணவன் டுவேன் தொட்டதற்கெல்லாம், தப்புகளை வரிவரியாகக் குறித்துச் சிவப்புச் சீட்டு எழுதியவர் அவர்தான். மினசோட்டா மாநிலம் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு கோணல் கை கிடைக்காது.

"ஆளைக் காணோமே?"

"உங்க வண்டியைப் பார்த்ததும் ஷெட்டுக்குப் போயிட்டார். உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாராம்."

லின்ட்கிரன் மேடையைத் தோளால் முட்டினார். அசையவில்லை. பக்கவாட்டில் இருந்த பிளக் பாயிண்ட்டைச் சோதித்தார். அதிலிருந்த சோதனைப் பித்தானை அமுக்கியதும் கரண்ட் பட்டென்று நின்றது. மூடியைக் கழற்றினால், ஒயர்கள் வாரிப் பின்னிய தலைமுடி மாதிரி இருந்தன.

தரையிலிருந்து ஒயர் ஏறிவரும் குழாய்க்கு டார்ச்சைத் திருப்பினார். வளைவுக்குச் சற்று மேலே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், குழாயை இறுக்கிப் பிடித்த ஒரு சின்னக் கிளிப். அந்த இடத்தில் அந்தக் கிளிப்பை மறக்காத எலெக்ட்ரீஷியனை முப்பது வருஷ சர்வீஸில் அவர் பார்த்ததில்லை.

மெல்ல எழுந்தார். அவரை அறியாமல் கை தொப்பியைக் கழற்றியது.

"இது டுவேன் கை இல்லை."

"இல்லை சார். என் கை. அவர் பலகை மட்டும் பிடிச்சார்."

"நீங்க ஸ்கூல் பஸ் ஓட்டறவங்களாச்சே?"

"சனி, ஞாயிறு பஸ் ஓடாதே சார்."

லின்ட்கிரன் பச்சைச் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மேடைமேல் ஒட்டித் தடவிவிட்டார். மார்லிஸ் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"வியாழக்கிழமை நல்லா சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். ஊர்ல லைசென்ஸ் வச்சிருக்கிறவனுக்கே இந்த வேலை வராது. உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

மார்லிஸ் கொஞ்சம் தயங்கினாள். அதுவரை சாய்ந்து மறைத்துக்கொண்டிருந்த அலமாரி டிராயரை இழுத்தாள்.

உள்ளே சிவப்புச் சீட்டுகள். நாலாய், எட்டாய்க் கிழிந்து, செலோ டேப்பால் ஒட்டப்பட்டவை. எல்லாமே லின்ட்கிரனின் கையெழுத்து.

"அவர் கிழிச்சு எறிவார், நான் பொறுக்கி ஒட்டிப் படிப்பேன்," என்றாள். "அந்தக் கிளிப்பு குளியலறைச் சீட்டுல, மூணாவது வரி."