நாக்கில் ஒரு மொச்சை

டாக்டர் சொன்னபடி செல்லியம்மா நாக்கை நீட்டினாள். ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலியே இல்லை. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அது எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

தை மாதம், கணவனின் அண்ணன் கோவர்த்தனனின் வைக்கோல் போர் எரிந்தது. பக்கத்தில் கட்டியிருந்த உழவு மாடுகள் இரண்டும் கருகிப் போயின. தீ வைத்தவனை உயிரோடு விடமாட்டேன் என்று அவர் கொடுவாளோடு அலைந்தார். ஊரே செல்லியம்மாவின் தம்பி சிட்டிபாபுவைக் கை காட்டியது.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் ஈரப்புடவையோடு நின்று, தம்பி அன்றிரவு முழுக்க எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தான் என்று சத்தியம் செய்தாள். அவன் வந்ததோ விடியற்காலையில், கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடையோடு.

அந்தச் சன்னதியில் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் உருப்பட்டதில்லை என்பது சித்தூர் வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு கோவர்த்தனனும் சிட்டிபாபுவோடு ராசியாகிவிட்டார்.

பங்குனியில் நாக்கில் கட்டி தட்டுப்பட்டது.

கட்டியில் ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு மதராசுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு முடிவு. ஆந்திரா பிரிந்த பிறகு புதிதாக மாட்டிய தெலுங்குப் பலகைக்குக் கீழே, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னாலாவது சாமி மனமிரங்காதா என்று, பக்கத்தில் இருந்த கணவன் நாகபூஷணத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.  சொல்லி முடித்ததும் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் காகிதத்தைப் படித்தார்.

"இது புத்துநோய் இல்லம்மா, பயப்படாதே. நரம்பு மேலே இருக்கிற உறையிலே வளர்ந்த கட்டி, எடுத்துட்டா சரியாப் போயிடும். மெதுவாத்தான் வளரும், நாலு வருஷமாவது உள்ளே இருந்திருக்கும்."

நாலு வருடம். அவள் சத்தியம் செய்து நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

சாமி தண்டிக்கவே இல்லை! அழுகையும் சிரிப்புமாக வெளியே ஓடினாள். பெஞ்சு காலியாக இருந்தது.

வராந்தா கூட்டிக்கொண்டிருந்த சென்னம்மா நிமிர்ந்தாள். "உன் வூட்டுக்காரரா? அண்ணன் கைல ஒரு விசயம் சொல்லணும்னு சொல்லிக்கினே அப்பவே பஸ் ஏறிட்டாரே."

 இன்றைக்குத்தான் கோவர்த்தனனின் கிணற்றில் தூர் வாருகிறார்கள். உள்ளே இறங்கியிருப்பது சிட்டிபாபு.

மேலே கயிற்றைப் பிடித்திருப்பது கோவர்த்தனன்.